மாமா வாங்கிய இறக்கைக் கார்

வேன் வாங்கப் போன என் மாமா, கார் வாங்கிக்கொண்டு வந்தார். அதுவும் என்ன கார்? இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, பின்னால் ஒரு பெரிய இறக்கை. இந்தக் கதையை எங்கள் வீட்டில் யார் எடுத்தாலும் அம்மா நடுவில் புகுந்து, "கூடப் போனவ இவதான், இவளக் கேளுங்க" என்று என்னைக் கைகாட்டிவிடுவார். பத்து வயதில் செய்த ஒரு தப்புக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கம். பஸ் ஓடும் தார் ரோட்டிலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மூன்று கிலோமீட்டர் கல் ரோடு. ரோடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மலையிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் போவதற்காக அதைக் குறுக்கே ஏழு இடத்தில் வெட்டிக் கான் விட்டிருந்தார்கள். அந்த ஏழு கானையும் தாண்டி வரத் தெரிந்தது தோட்டத்து டிராக்டர் ஒன்றுக்குத்தான். கொழுந்து ஏற்றுவதும் அதுதான், உர மூட்டை ஏற்றுவதும் அதுதான், நோயாளியை ஏற்றுவதும் அதேதான்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. கட்டார் நாட்டில் ஆறு வருடம் உழைத்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். அவர் மனைவி, என் அத்தை, அப்போது ஏழு மாதம். முந்தின வருடமும் அத்தை இதே மாதிரி வயிற்றோடு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தார். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால் அம்மா அகப்பையைத் தூக்குவார் என்பது மட்டும் தெரியும். அதனால்தான் இந்த முறை அத்தைக்கு வலி எடுக்கும்போது லயத்து வாசலில் ஒரு வேன் நிற்க வேண்டும் என்று அம்மா முடிவு பண்ணியிருந்தார்.

பதுளைக்குப் போகும் அன்று என்னையும் மாமாவோடு அனுப்பினார். துணைக்கு இல்லை, காவலுக்கு.

"ஏழு பேராச்சும் ஒக்காரணும். அத்த காலை நீட்டிப் படுக்கிற அளவு எடம் வேணும். ஒங்க மாமன் பளபளன்னு எதையாச்சும் பாத்தா மயங்கிருவான். நீ கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு இரு" என்று சொல்லித் தலையைப் பின்னிவிட்டார். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

பழைய வாகனம் விற்கும் கடை டவுனிலிருந்து ஏறுகிற ரோட்டில் இருந்தது. கடைக்காரர் ஒரு முஸ்லிம்; அண்ணன் என்கிற மாதிரி எல்லாரும் அவரை நானா என்பார்கள். தங்கமான மனுஷன். நாங்கள் உட்காருவதற்கு முன்பே, "புள்ளைக்கு பலூடா ஒண்டு கொண்டாங்க" என்று எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்தார். என் காவல் உத்தியோகம் அந்த இடத்தோடு முடிந்தது. அதுவரை நான் பலூடாவைக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும்தான் பார்த்திருந்தேன். உயரமான கிளாஸில் ரோஸ் நிறத்தில் வந்து நின்றால் யார்தான் வேனைப் பார்ப்பார்கள்?

நானா மூன்று வேன் காட்டினார். மாமா மூன்றிலும் ஏறி இறங்கினார். அப்புறம் கொட்டகையின் மூலையில், தார்ப்பாய்க்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த அந்த இறக்கை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

கொழும்பில் யாரோ ஒரு பணக்காரப் பையன் கார்ப் பந்தயத்துக்கு என்று செய்வித்த கார் அது. பழைய ஜப்பான் காரை வாங்கி, உடம்பையே மாற்றியிருந்தான். முன்னால் பைபரில் ஒரு நீண்ட உதடு, தரையைத் தொடுகிற மாதிரி. இரண்டு பக்கமும் பாவாடை மாதிரித் தொங்கும் பலகை. பானெட்டில் மூச்சு விட ஓட்டை. கதவில் தீ எரிகிற ஸ்டிக்கர். பின்னால் அந்த இறக்கை. பையன் வெளிநாடு போய்விட, கார் எப்படியோ பதுளைக்கு வந்து, வாங்க ஆளில்லாமல் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

மாமா அதைச் சுற்றி வந்தார். எஞ்சின் எப்படி, டயர் எப்படி, எவ்வளவு எண்ணெய் குடிக்கும், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்விதான்.

"நானா, இது மடுல்சீமையிலருந்து பதுள ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரத்துல வரும்?"

நானா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஓடுற ஓட்டத்துக்கு இதுக்குக் கிட்ட ஒண்டும் வராது. ஆனா ஆஸ்பத்திரிக்கு ஏன் மகன்?"

மாமா சட்டைக் கையால் பானெட்டுத் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கார் வாங்க வந்த இடத்தில் இப்படியுமா ஒரு மனுஷன் கேட்பான் என்று கிளாஸுக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன்.

நானா கெஞ்சாத குறை. "இது ஒங்கட ரோட்டுக்குச் சரிவராது மகன். வேன எடுங்க. நான் விலையக் கொறச்சித் தாறன்." தன் சாமானை வாங்காதே என்று மல்லுக்கு நின்ற ஒரே வியாபாரியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமா அசையவில்லை.

தார் ரோடு முடியும்வரை நாங்கள் ராஜா மாதிரி வந்தோம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முதல் கானில் கார் முன் உதட்டைக் கொண்டுபோய்க் குத்தி நின்றுவிட்டது. மாமா பின்னால் எடுத்தார், முன்னால் எடுத்தார், இறங்கிக் குனிந்து பார்த்தார். அந்த நேரம் வேலை விட்டு வந்த ஆம்பிளைகள் சும்மா போவார்களா? கூடிவிட்டார்கள்.

"தம்பி, எறக்கதான் இருக்கே, பறந்து வரச் சொல்லு" என்றார் கங்காணி.

சிரித்து முடித்துவிட்டு, இருபது பேர் பக்கத்துக்குப் பத்தாகக் கை கொடுத்துத் தூக்கினார்கள். எங்கள் கோயில் திருவிழாவில் அந்தோனியார் சுரூபத்தைத் தோள் கொடுத்துத் தூக்கிப் பழகிய ஆட்கள். கால் தானாக ஒன்றாக விழுந்தது. ஏழு கானும் அப்படியே தாண்டி, மாமாவின் கார் பாதி வழி ஓடியும் பாதி வழி பவனியாகவும் லயத்துக்கு வந்து சேர்ந்தது.

அம்மா வாசலில் வந்து நின்றார். காரைப் பார்த்தார். காருக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

"வேன் எங்கடா?"

"அக்கா, இது வேன விட வேகம்க்கா."

அம்மா என் பக்கம் திரும்பி, எத்தனை சீட் என்றார். நாலு என்றேன். பொய் இல்லை; பின்சீட்டில் கால் இல்லாத இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். வாயைத் திறந்ததுதான் தப்பாகப் போயிற்று. என் நாக்கு இன்னும் ரோஸ் நிறத்தில் இருந்தது. அன்றைக்கு அகப்பை எனக்குத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த சாமியார் காரை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அது போதாது என்று அப்பா நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காயைச் சுற்றி முன்னால் உடைத்தார். சாமியார் பெருந்தன்மையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மாமா காரை எடுத்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. தேங்காய் மூடி நசுங்கவில்லை. முன் உதட்டில் கால்வாசியைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. மாமா அதைக் கம்பி போட்டுக் கட்டினார்.

அதற்குப் பிறகு கார் வாசலிலேயே நின்றது. அத்தை பாவம், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. துவைத்த துணியை எல்லாம் இறக்கையில் காயப்போட்டார். மாமா மட்டும் தினமும் காலையில் எஞ்சினைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்பார். அந்தச் சத்தத்தில் லயத்து நாய்கள் எல்லாம் கோயில்வரை ஓடும். 'பைத்தியக்காரன்' என்று அம்மா சுவரிடம் சொல்வார்.

ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த நாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அத்தைக்கு வலி எடுத்தது. லயத்தில் அம்மாவும் பள்ளிக்கூட லீவில் இருந்த நானும் சில கிழடுகளும்தான். மற்ற எல்லாரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மாமா அத்தையை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த வளைவிலிருந்த முதல் கானைப் பார்த்தார். இருபது பேர் இல்லாமல் அந்தக் கார் எங்கேயும் போகாது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"ஓடு, மணிய அடி!" என்றார் அம்மா.

கோயில் மணியை நான் அடித்த அடியில் கயிறு கையை அறுத்துவிட்டது. சாவுக்கு நிறுத்தி நிறுத்தி அடிப்பார்கள், பூசைக்கு அளந்து அடிப்பார்கள். இப்படிக் கண்டமேனிக்கு அந்த மணி அடித்ததே இல்லை. மலை முழுக்க இருந்த பெண்கள் கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்கி ஓடி வந்தார்கள். பின்னாலேயே கங்காணி, "நெரைய விட்டுட்டு எங்கடி போறீங்க, அரைப்பேர்தான் போடுவேன், பாதிச் சம்பளந்தான்!" என்று கத்திக்கொண்டு வந்தார். காருக்குள் அத்தையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, தானும் ஒரு பக்கம் கை கொடுத்தார்.

ஏழு பேர் உட்காரும் வேன் கேட்ட அம்மா, அந்தப் பின்சீட்டில் முழங்கால் தாடையில் முட்ட மடங்கி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஜெபமாலை. மாலையில் ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் ஒரு ஜெபம், ஒரு திட்டு. கார் ஓடும், நிற்கும், நாங்கள் மூச்சிரைக்க ஓடி வந்து தூக்குவோம். காரின் கண்ணாடி இறங்காது. அது எப்போதோ பழுது. அதற்குள்ளே அத்தை வாயை அசைத்து என்னவோ கத்துவது மட்டும் தெரிந்தது. வலி கூடிவிட்டது என்று நினைத்து நாங்கள் இன்னும் வேகமாகத் தூக்கினோம்.

"என்னைய எறக்கிவிட்டுட்டுத் தூக்குங்களேன், நான் நடந்தே தாண்டிருவேன்!" என்றுதான் அத்தை கத்தியிருக்கிறார். ஏழு கானுக்கும் கத்தியிருக்கிறார்; எஞ்சின் உறுமலில் உள்ளே இருந்த மாமாவுக்கும் அம்மாவுக்கும்கூட அது காதில் ஏறவில்லையாம். முப்பது பேர் இருந்தோம், ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பக்கத்துப் பலகை மூன்றாவது கானில் போனது. முன் உதடு ஐந்தாவதில் போனது. தார் ரோட்டில் கால் பட்டதும் கார் ஒரு உறுமல் உறுமிவிட்டுப் பாய்ந்தது பாருங்கள், கொழுந்துக் கூடையெல்லாம் கவிழ்ந்து போயிற்று! நாங்கள் ரோட்டோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். சத்தம் ஒரு மலைக்குப் பின்னால் மறைந்து அடுத்த மலையில் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

பின்னேரம் போன் வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். நேரத்துக்கு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். எவ்வளவு நேரத்தில் போனார்கள் என்று அம்மாவைக் கேட்டால், மூடிய கண்ணை ஆஸ்பத்திரி வாசலில்தான் திறந்தேன் என்பார். வார்டு வாசலில் மாமா தரையில் உட்கார்ந்து அழுததை மட்டும் பார்த்தாராம். பெண் குழந்தை பிறந்ததற்கு ஒரு ஆம்பிளை ஏன் இப்படி அழுகிறான் என்று யாரோ நர்ஸ் திட்டினாளாம்.

ஒரு மாதத்தில் மாமா காரைத் திருப்பிக் கொண்டுபோய் நானாவிடமே கொடுத்துவிட்டு வேனை எடுத்து வந்தார். இறக்கையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். குழந்தைத் துணி காயப்போட அத்தைக்கு அது பழகிவிட்டதாம்.

போன வருடம் எனக்கு வலி எடுத்தபோது மாமாதான் அந்த வேனில் என்னைப் பதுளைக்குக் கொண்டுபோனார். இப்போது கான்களுக்கு மேல் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். கூட வந்தது அம்மா. நான் கத்தியதைவிட, மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம். ரோட்டைப் பாருங்க மாமா என்று அந்த வலியிலும் சத்தம் போட்டேன்.

மகன் பிறந்த மறுநாள், வார்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். அத்தையின் முதல் பிரசவத்தன்று டிராக்டர் கொழுந்து ஏற்றிப் போயிருந்தது. அது திரும்பி வரக் காத்திருந்து, அதன் பின்பெட்டியில் அத்தையை வைத்து இங்கே கொண்டுவந்து சேர்த்தபோது, இதே ஆஸ்பத்திரியில் மாமாவிடம் சொன்னார்களாம்: "அரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தா புள்ளையக் காப்பாத்தியிருக்கலாம்."

அந்த அரை மணி நேரத்தைத்தான் மாமா அன்றைக்கு நானாவின் கடையில் விலைக்குக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்று, அவருக்காக வெட்கப்பட்டுக்கொண்டு, பலூடாவின் அடியில் கிடந்த ஜெலியைக் கரண்டியால் தோண்டிக்கொண்டிருந்தேன்.