ஏழு சனிக்கிழமை, ஒன்றாம் தூள்

சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. நம் பழைய பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், இரண்டு காலை வணக்கப் பூப்படங்களுக்கு நடுவே ஒரு வரி. "நம்ம லேப் சன்னாசி காலமாகிவிட்டார். நெஞ்சுவலி. நாளை மதியம் எடுக்கிறார்கள்." எனக்குக் கோபம்தான் வந்தது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிற மனிதரை வேறு என்ன செய்வது? மீனை வாங்காமலே காருக்கு வந்துவிட்டேன்.

நம் பள்ளியில் இருந்த யாருக்கும் சன்னாசி அண்ணனைத் தெரியும். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இளவயதில் அங்கேயே ரப்பர் பால் உறைய வைக்கும் வேலை பார்த்து, பிறகு ஈப்போவுக்கு வந்து, ஓய்வு பெறும்வரை நம் அறிவியல் ஆய்வகத்தின் உதவியாளராக இருந்தவர். நான் அதே பள்ளியில் புவியியல் ஆசிரியை. அவர் ஓய்வு பெற்ற வாரத்தில் கிடங்கைக் காலி செய்யச் சொன்னார்கள். குப்பைக்குப் போகவிருந்த ஒரு பெட்டியை அண்ணன் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குள் இருந்தது கல் உருட்டும் மெஷின்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு உருளைகளின் மேல் ஒரு ரப்பர் பீப்பாய் படுத்தபடி சுற்றும். உள்ளே கரடுமுரடான கற்கள், தண்ணீர், சாணைத்தூள். முதல் வாரம் கரகரப்பான ஒன்றாம் தூள், பிறகு அதைவிட நைசான இரண்டாம் தூள், மூன்றாம் தூள், கடைசியில் மெருகுத்தூள். ஒரு மாதத்துக்கு மேல் இரவு பகலாக ஓடினால் கல் கண்ணாடிபோல் வரும். நாங்கள் இருந்த காலமெல்லாம் அந்த மெஷின் ஒரு நாள்கூட ஓடியதில்லை. "ஒரே ஒரு கூட்டுக் கல்லு பளபளன்னு வந்துட்டா போதும் டீச்சர்," என்றார் அண்ணன். ஒரு தடவை பீப்பாயில் போட்டு எடுக்கும் கற்கள் ஒரு கூட்டு. நானும் ஓய்வு பெற்றிருந்தேன், வேறு வேலை இல்லை. சனிக்கிழமைதோறும் குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குக் கார் ஓட்டினேன். பழைய ஈயச் சுரங்கக் குட்டையின் ஓரத்திலிருந்து கற்களைப் பொறுக்கிக் கொடுத்ததும் நான்தான். அதில் ஒன்று, கொட்டைப்பாக்கு அளவு வெள்ளைக்கல், குறுக்கே செவ்வரி ஓடியது. அது பளபளத்து வரவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

பாகங்கள் எல்லாம் ஆன்லைனில் கிடைத்தன. பட்டியலை எடுத்துக் காட்டினேன். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கடையில வாங்குனா அது கடைக்காரன் மெசினு லா டீச்சர். நம்ம மெசினு எப்படி ஆகும்?" வாஷிங் மெஷின் மோட்டாரை மாட்டினார், பீப்பாய் எகிறி வாசல் கால்வாயில் விழுந்தது. பிறகு காற்றாடி மோட்டார். மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டிப் பெல்ட் செய்தார். வாரம் ஒன்று அறுந்தது. உருளையின் அச்சு தேய்ந்திருந்தது, அதைத் தாங்கிப் பிடிக்க வளையம்போல் ஒரு புஷ் வேண்டும். ஒரு சனிக்கிழமை நான் போனபோது அண்ணனின் மனைவி பாக்கியம் அக்கா சமையலறையில் கத்திக்கொண்டிருந்தார். காய்கறி வெட்டும் வெள்ளைப் பலகையின் நான்கு மூலையிலும் வட்ட வட்டமாக ஓட்டை. அண்ணன் பின்கட்டிலிருந்து, "நடுவுல வெட்டலாம்ல, நடுவு நல்லாத்தானே இருக்கு!" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

பீப்பாயின் ரப்பர் பிஸ்கட்போல் நொறுங்கிப் போயிருந்தது. அதற்காகத் தோட்டத்துப் பக்கம் வெட்டாமல் விட்ட கிழட்டு ரப்பர் மரங்களில் பால் எடுத்து வந்து, கேக் தட்டில் ஆசிட் விட்டு உறைய வைத்து, பாட்டிலால் தேய்த்து ஷீட் போட்டார். தெருவே நாறியது. காய இரண்டு வாரம். பிளாஸ்டிக் குழாய்த் துண்டுக்குள் அதைச் சுற்றி ஒட்டினால் தண்ணீர் கசிந்தது. மறுபடி பால், மறுபடி நாற்றம். இவ்வளவுக்கும் அவர் ஒரு முறைகூட அலுத்துக்கொண்டதில்லை. அலுத்துக்கொள்கிற வேலை முழுவதும் என் தலையில்.

முதல் கூட்டு, கீறல் கீறலாக வந்தது. ஒவ்வொரு தூளுக்கும் நடுவே கல்லையும் பீப்பாயையும் சுத்தமாகக் கழுவவேண்டும். முந்திய தூளில் ஒரே ஒரு மணி ஒட்டியிருந்தாலும் அடுத்த கட்டம் பாழ். அண்ணன் மூன்று முறை கழுவியிருந்தார். ஆனால் ஆசிட்டிலும் ஆய்வக மருந்திலும் கிடந்த விரல்கள் மரத்துப்போயிருந்தன. மணி அவருக்குத் தட்டுப்படவில்லை. நான் தடவிப் பார்த்ததும் தட்டுப்பட்டது. அவர் தன் கையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "இனிமே ஓட்டுறது நானு, கழுவுறது நீங்க," என்றார். அதன்பின் நான் இல்லாமல் அவர் தூள் மாற்றியதே இல்லை.

இரண்டாம் கூட்டு அருமையாக வந்துகொண்டிருந்தது. மூன்றாம் தூள் வரைக்கும் வந்துவிட்டோம். என் செவ்வரிக் கல்லை ஈரத்தோடு வெயிலில் பிடித்தால் உள்ளே வெளிச்சம் போனது. அப்போது ஆயுத பூசை வந்தது. அண்ணன் மெஷினை நிறுத்தி, துடைத்து, விபூதி சந்தனம் வைத்து, பூச்சரம் சுற்றி, எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போனவர் நான்கு நாள் கழித்து வந்தார். உள்ளே இருந்த சேறு இறுகிச் சிமெண்டாகிவிட்டது. கல்லை எடுக்க ரப்பரையே கிழிக்கவேண்டி வந்தது.

"ஓடுற மெசின நிப்பாட்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும் டீச்சர். ஆனா எல்லா மெசினுக்கும் அன்னிக்கு ஒரு நாளு ஓய்வு. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அந்தப் பதில்தான் என்னைக் கிளப்பிவிட்டது. "உங்களுக்குப் பொறுமை இருக்கு, புத்தி இல்லை. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் கேட்டை மட்டும் திறந்துவிட்டார். நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். எழுதவே கூசுகிறது.

தீபாவளிக்குப் பாக்கியம் அக்கா மகளோடு காரில் வந்து முறுக்குக் கொடுத்தார். "ஏன் டீச்சர் வரல?" என்றார். முட்டிவலி என்றேன். டின்னில் கொஞ்சம் சீனி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மெஷின் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

செய்தி வந்த மறுநாள், துக்க வீட்டின் பின்கட்டிலிருந்து அந்த மெஷின் சத்தம் கேட்டது. கடகடவென்று, நடுவே ஒரு கிறீச். தேவாரம் பாட ஆள் வந்ததும், ஓர் உறவினர் அதை நிறுத்த எழுந்தார். அழுதுகொண்டிருந்த பாக்கியம் அக்கா தலையை நிமிர்த்தி, "அதத் தொடாதீங்க. டீச்சர் வந்து நிப்பாட்டட்டும்," என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. அது ஓட ஓடத்தான் தேவாரம் பாடினார்கள்.

கருமாதி முடிந்த பிறகு அக்கா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். சுவரில் நாள்காட்டி. அவர் போவதற்கு முந்தைய சனிக்கிழமைக் கட்டங்களில் வரிசையாகப் பென்சிலால் '1'. எண்ணினேன், ஏழு. ஒன்றாம் தூள் ஒரு வாரம் போதும். எனக்குப் புரியவில்லை.

"புதுசா ரப்பர் போட்டு அதே கல்ல ஓட்டுனாரு. ரெண்டாவதுக்குப் போகணும்னா கழுவணும், அதுக்கு டீச்சர் கை வேணும்னாரு. மெசின நிப்பாட்டுனா மறுபடி இறுகிடும்னு பயம். அதான் சனிக்கிழமைக்கு சனிக்கிழமை மறுபடி ஒண்ணாந்தூளையே போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தாரு. போன் பண்ணுங்கன்னேன். கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டாங்க, கோவம் போனா தானா வருவாங்க, நீயும் ஒண்ணும் சொல்லாதேன்னாரு."

அதுவரை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திப் பீப்பாயைத் திறந்தேன். கற்கள் பாதியாகியிருந்தன. என்னுடையது புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. செவ்வரி இருந்த பக்கம் முழுக்கத் தேய்ந்து, எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. குழாயடியில் உட்கார்ந்து ஐந்து முறை கழுவினேன். மூடியின் விளிம்பில் ஒரு மணி இருந்தது, எடுத்தேன்.

ஒரு போன் பண்ணியிருக்கலாம் அண்ணே. மனிதர் கோபத்தில் சொல்வதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்களா? நானும் பண்ணியிருக்கலாம். இரண்டு பேரும் பண்ணவில்லை. இந்தக் கோபம் எனக்கு ஆறப்போவதில்லை, யாரும் ஆறுதல் சொல்லவும் வேண்டாம்.

அக்கா கொடுத்துவிட்ட மெஷின் இப்போது குனோங் ராபாட்டில், என் வீட்டுத் துணி துவைக்கும் இடத்தில் ஓடுகிறது. அக்காவின் காய்கறிப் பலகைதான் இன்னும் அதன் புஷ். அவர் வைத்த சந்தனப்பொட்டு காய்ந்துபோய் மோட்டார்மேல் அப்படியே இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்த மெஷினும், அந்த நாள்காட்டியும், செவ்வரி போன ஒரு வெள்ளைக்கல்லும்தான். சென்ற சனிக்கிழமைக் கட்டத்தில், அவர் பென்சிலாலேயே, '2' என்று எழுதினேன்.