அடி அண்ணாமலையில் கதவு தட்டியவர்கள்

ஜெர்மனியிலிருந்து ஓட்டிவந்த இந்த வேன்தான் எனக்கும் மனைவிக்கும் வீடு. எந்த நாட்டில் நிறுத்தினாலும் கதவைப் பூட்டிக்கொண்டுதான் சமைப்போம். இன்று பௌர்ணமி. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் நிற்கிறோம். குக்கர் விசிலடித்ததும் கதவு தடதடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பெருங்கூட்டம். மனைவி என் கையை இறுகப் பிடிக்கிறாள்.

விரலளவு திறக்கிறேன். பக்கத்தில் கடை போட்டிருக்கும் பூக்கார அம்மா முன்னால் நிற்கிறார்.

"பயப்படாதீங்க சார். பௌர்ணமியில வேன் நின்னு சோத்து வாசனை வந்தா, அன்னதானம்னு லைன் கட்டிடுவாங்க. இல்லன்னு சொல்லி அனுப்பிடட்டுமா?"

நான் திரும்பிப் பார்க்கிறேன். மனைவி அதற்குள் அரிசி மூட்டையைப் பிரித்துவிட்டாள்.

"யாரும் போயிடாதீங்க, சோறு வருது!" என்று பூக்கார அம்மா கத்துகிறார்.

கதவு அகலத் திறந்து கிடக்கிறது. சாவியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.