மீன்கள் கேட்கலாகாத சொல்

ஹொனலூலுவை அடுத்த புவுலோவா உப்பங்கழியின் மேற்கரையில் நாஹினு என்னும் மீனவர் தனியே வாழ்ந்தார். மனைவியை அம்மை கொண்டது. அயலாரைக் கரும்புத் தோட்டங்கள் கொண்டன. கல்லடுக்கி வளைத்த மீன்குளமும் ஒரு சிறு மரக்கலமுமே அவருக்கு எஞ்சின. முதல் மீனைக் கடலுக்கே திருப்பிவிடுவார். உண்ண அமர்கையில் எதிரே ஒரு வெற்றுக் கிண்ணமும் வைப்பார்.

எங்கள் அரசியைக் கரும்பு முதலாளிகள் அரியணையிலிருந்து இறக்கி ஐந்தாண்டு கழிந்தபின் அமெரிக்கக் கொடி ஏறிற்று. சர்க்கரையை வரியின்றி விற்பது முதலாளிகளின் வேட்கை. மணிலாப் போருக்குச் செல்லும் கப்பல்களில் நிலக்கரி ஏற்ற ஒரு துறை வேண்டும் என்பது படையினரின் வேட்கை. இரண்டும் எங்கள் கழியில் வந்து கலந்தன.

கழியில் மீன்பிடி உரிமை உள்ளோரை எழுதிக்கொள்ளப் புதிய அரசின் அளவைக்காரர் வருவார், ஏட்டில் ஏறாதவர் நீரை இழப்பார் என்று, இறந்த மனைவியின் தங்கை லூகா வந்து சொன்னாள்.

"அத்தான், வர்ற வெள்ளக்காரன்கிட்ட வாயத் தொறந்து சொல்லிடுங்க. ஊமக்கோட்டானாட்டம் நிக்காதீங்க."

"சொல்றேம்மா. என் நாக்கயென்ன நண்டா தின்னுடுச்சு?"

மூன்றாம் நாள் விடியலில், வலையைப் பாயால் மூடி, நாஹினு கலத்தை நீரில் தள்ளும் வேளையில் அளவைக்காரர் வந்தார். உடன்வந்த மொழிபெயர்ப்பாளன் பட்டணத்துப் பள்ளியில் வளர்ந்தவன்; எங்கள் வழக்கம் அறியாமல் கேட்டான்:

"பெரியவரே, மீன் புடிக்கவா கெளம்பிட்டீங்க?"

கலத்தில் கைவைத்தபின் மீன்பிடிக்கப் போவதை ஒப்புக்கொள்பவர் எங்களில் இல்லை. மீனுக்குச் செவியுண்டு; கேட்டால் அகன்றுவிடும்.

"மீனா? சும்மா காத்து வாங்கப் போறேன், தம்பி."

"இந்தத் தண்ணி உங்க பாத்தியம்னு சொல்றாங்களே?"

"நானா? நான் வேடிக்க பாக்கறவன். சாயங்காலம் வாங்க, கூழு குடிச்சிக்கிட்டே எல்லாம் பேசலாம்."

அளவைக்காரர் எழுதிக்கொண்டார். அன்று மாலை நாஹினு சேம்பங்கூழ் பிசைந்து, கிண்ணங்கள் வைத்துக் காத்திருந்தார். எவரும் வரவில்லை. மறுநாள் ஹொனலூலுவுக்கு நடந்தே சென்றார். ஏட்டில் பதிவு முடிந்துவிட்டிருந்தது. காற்று வாங்க வருபவர், உரிமை கோரவில்லை என்று அவரைப் பற்றி அதில் இருந்தது.

"ஒரே ஒரு தடவ சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா அத்தான்?" என்று லூகா அழுதாள்.

"படகுல கை வச்சிட்டேனேம்மா."

பின்னர் மண்வாரிக் கப்பல்கள் வந்து பவளத்திட்டைப் பிளந்தன. குளத்தின் கற்கள் சரிந்தன. வளர்த்த மடவை மீன்கள் ஆழ்கடல் நோக்கிப் போயின. லூகா தன் வீட்டுக்கு அழைத்தும் போகாமல், படையினர் கரையில் இட்ட வேலிக்கு வெளியே குடிசை வேய்ந்து அவர் தங்கினார்.

ஒரு விடியலில் கலத்தின்மேல் கைவைத்தார். பிறகு, வாழ்நாளில் முதன்முறையாக, உரக்கச் சொன்னார்:

"மீன் புடிக்கப் போறேன்!"

சேற்றுநீரில், கேட்டு அகல ஒரு மீன்துடுப்பும் அசையவில்லை. இன்னும் உரக்க, இன்னொரு முறை சொன்னார். பின்பு கலத்தை மணலுக்கு இழுத்துக் கவிழ்த்து வைத்தார்.