அயர்லாந்தில் இருபது ஊர்கள்

ஒன்பது வயதில் அயர்லாந்து முழுவதையும் நானே குத்தகைக்கு எடுத்தது போல நடந்துகொண்டேன். வகுப்பில் ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்து, இருபது ஊர்ப் பெயர்களின் பொருளைக் கண்டுபிடித்து, தேசப்படம் வரைந்து அதில் குறித்து வரச் சொல்லியிருந்தார்கள். முதற்பரிசை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

நாங்கள் குடியேறியிருந்த மனோர் பார்க்கில் பக்கத்து வீட்டு நர்ஸ் அன்ரி அயர்லாந்துக்காரி. பாவம், அவர் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் நான் கதவைத் தட்டிவிடுவேன். தனியே போகக் கூடாதென்று அம்மா சித்தியையும் கூட அனுப்பினார். சித்தி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு மாதம்தான். ஆங்கிலம் ஓடாது, பேச்சும் குறைவு.

டெரி என்றால் ஓக் மரக்காடு, கில்டேர் என்றால் ஓக் மரத்துத் தேவாலயம், க்ளொன்மெல் என்றால் தேன் புல்வெளி. அன்ரி சொல்லச் சொல்ல எழுதினேன். ஒவ்வொரு ஊர் வந்தபோதும் சித்தி என் முழங்கையைத் தட்டினார்.

"அங்க இப்ப ஆக்கள் இருக்கினமோ எண்டு கேள்."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆசிரியை கேட்காத கேள்வி அது. ஆனால் கேட்காமல் சித்தி விடமாட்டார். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. இருக்கிறார்கள், இருக்கிறார்கள் என்று அன்ரியும் சலிக்காமல் சொன்னார்.

இருபதாவது, அன்ரியின் பூட்டனார் பிறந்த சின்ன ஊர். முட்செடி வயல் என்று பொருளாம். அங்கே ஒருவரும் இல்லை, பஞ்சத்தில் எல்லாரும் போய்விட்டார்கள், சுவர்கள்தான் நிற்கின்றன, பெயர் மட்டும் இன்னும் படத்தில் இருக்கிறது என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் சித்தி என் பென்சிலை வாங்கி, நான் வரைந்த படத்தில் மேற்குக் கரையோரம் கடலுக்குள் அழுத்தமாக மயிலிட்டி என்று எழுதினார்.

"எங்கட ஊரும் ஒரு மூலையில கிடக்கட்டும், பிள்ளை."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பரிசு போய்விடுமே! அவர் கண் முன்னாலேயே அழித்தேன். தாள் கிழியாமல் மெல்ல மெல்ல, ஒரு தடமும் தெரியாதபடி அழித்து, மேலே நீலமும் தீட்டினேன்.

முதற்பரிசு எனக்குத்தான். வீட்டில் எல்லாரும் மெச்சினார்கள், சித்தியும் மெச்சினார். மயிலிட்டியிலிருந்து எல்லாரையும் வெளியேற்றிவிட்டு ராணுவம் வேலி போட்டுப் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. தப்பான இடத்தில் எழுதிய ஒரு சொல்லைத்தான் அழித்தேன் என்று நினைத்திருந்தேன்.