துணிக்குள் இருந்த கதிரை

ஜெர்மனியின் பான் நகரில் ஒரு டென்மார்க்காரரின் வீட்டைப் பல வருடம் துப்புரவு செய்தேன். கட்டிடங்களுக்கும் ஆட்கள் குந்துகிற கதிரைகளுக்கும் மாதிரி வரைகிற மனிதர். வேலை அறைக்குள் மட்டும் என்னை விடமாட்டார். நான் தேத்தண்ணி குடிக்கக் குந்தினால் என்னையே பார்ப்பார். வேலைக்கள்ளி என்று நினைக்கிறாராக்கும் என்று கோபத்தில் முதுகைத் திருப்பிக்கொள்வேன்.

அவர் இறந்தபின், அந்த அறையை ஒதுக்கித் துடைக்கச் சொல்லி மனைவி கூப்பிட்டார். அன்று முப்பத்தோராம் நாள், எங்கள் முறைப்படி ஆத்மா வீட்டை விட்டுப் போகிற நாள். துணைக்கு என் தங்கச்சி ராணியைக் கூட்டிப்போனேன். கதிரைகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி. ஒன்றுக்குள் மட்டும் யாரோ கூனிக்கொண்டு இருப்பதுபோல இருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ராணி துணியை இழுத்தாள். குட்டையான கதிரை, ஆளில்லை.

"இதிலை குந்திப் பாருங்கோ அக்கா, பேய் கடிக்காது."

இருந்தேன். ஜெர்மனியில் எந்தக் கதிரையிலும் நிலத்துக்கு எட்டாத என் கால் பதிந்தது. கூனல் முதுகும் சரிந்த இடது தோளும் அப்படியே அடங்கின. செத்தவர் பின்னால் நின்று தாங்குவதுபோல மயிர் சிலிர்த்தது.

"ஐயோ அக்கா, சுவரைப் பாருங்கோ! உங்கடை முதுகுதான்!"

சுவரெல்லாம் அவர் வரைந்த படங்கள். அதில் எழுதியிருந்ததை எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் என் கொண்டையைத் தெரியாதா? தாள் தாளாக நானே இருந்தேன். பயத்தோடு சிரிப்பும் வந்தது. ஒரு மனிதரின் பார்வையையும் எனக்கு வாசிக்கத் தெரியாமல்தான் இருந்திருக்கிறது.

எழும்பி, ஆளில்லாத அறையைப் பார்த்து, "நல்லபடியாப் போயிட்டு வாங்கோ ஐயா" என்றேன். கதிரை மெல்ல முனகியது.