ஆங்கிலத்தில் போட்ட சண்டை

நானும் என் கணவரும் ஆங்கிலத்தில்தான் சண்டை போடுவோம். கல்யாணமான புதிதில் பாளையங்கோட்டையில், மாமியாருக்குப் புரியக் கூடாதென்று தொடங்கிய பழக்கம் அது. இருவருமே ஆங்கிலம் கற்பிப்பவர்கள், சொல்லுக்குப் பஞ்சமில்லை. தமிழில் சண்டையிட்டால் அவர் புருஷனாகிவிடுவார், நான் பெண்டாட்டியாகி வாயை மூட வேண்டும். ஆங்கிலத்தில் என்றால் இரண்டு வாத்தியார்கள் சரிக்குச் சரி மோதலாம்.

மலாக்காவில் இருவருக்கும் வேலை கிடைத்து காஜா பேராங்கில் குடியேறினோம். பக்கத்து வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், அந்த அம்மாவின் நெற்றியில் விபூதி. நம்மவர்கள்தான், தமிழில் வாயைத் திறந்தால் மானம் போகும் என்று இங்கேயும் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தோம். பிறகுதான் தெரிந்தது. அவர்கள் மலாக்கா செட்டிகள். சாமி நம் சாமி, பேச்சு மலாய். தமிழ் ஒரு வரி வராது. ஆனால் வீட்டுக்காரர் துரைமார் ஆபீசில் கிராணி, ஆங்கிலத்திலேயே எழுதிப் பேசும் குமாஸ்தா. எங்கள் சண்டையை ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, மனைவிக்கு மலாயில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். அந்த அம்மாவே இதை என்னிடம் சொன்னபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஜப்பான்காரன் வந்தான். பள்ளிக்கூடம் மூடியது. திறந்தபோது ஜப்பானிய மொழிதான் பாடம், எங்களுக்கு அங்கே இடமில்லை. ஆங்கிலப் புத்தகங்களை அடுப்பில் போட்டுவிட்டு, கொல்லையில் மரவள்ளி நட்டோம். ஆங்கிலம் பேசுகிறவன் வெள்ளைக்காரனின் ஒற்றன் என்று பிடித்துப் போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் வந்து, "சிக்கு, ஜாங்ஙான் சாகாப் ஒராங் பூத்தே" என்றாள். வாத்தியாரம்மா, வெள்ளைக்காரன் பேச்சு வேண்டாம் என்று கெஞ்சினாள். சரி என்றேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அல்லவா?

ஒரு பிற்பகல், என் கணவர் மரவள்ளியை முற்றுமுன்பே பிடுங்கிவிட்டார். இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தேன். விரல் தடிமன்கூட இல்லாத கிழங்கைப் பார்த்ததும் பொத்துக்கொண்டு வந்தது, எல்லாம் ஆங்கிலத்தில். அவரும் விடவில்லை. தெருவில் பூட்ஸ் சத்தம் வந்ததை நாங்கள் கேட்கவே இல்லை.

திடீரென்று பக்கத்து வீட்டில் பானை உடைந்தது. அந்த அம்மா தொண்டை கிழிய மலாயில் கத்தினாள். பூனை போன்ற அந்தக் கிராணி பதிலுக்கு முழங்கினார். ஒருநாளும் குரல் உயர்த்தாத ஜோடி! நாங்கள் எங்கள் சண்டையை விட்டுவிட்டு ஜன்னல் இடுக்கில் பார்த்தோம். அவர்கள் வாசலில் மூன்று சிப்பாய்கள் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவள் திட்டுவது காதில் ஏறியது. மரவள்ளியை முற்றுமுன்பே ஏன் பிடுங்கினாய் என்று புருஷனை வறுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கொல்லையில் மரவள்ளியே கிடையாது.

சிப்பாய்கள் போன பிறகு நான் கதவைத் தாழிட்டேன். என் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றோடு சண்டை நின்றது. "சாப்பிட வாங்க", "போதும்மா", இவ்வளவுதான் பேச்சு. அவர் உயிரோடு இருக்கிறார், அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் நான் கட்டிக்கொண்ட மனிதர் அவர் இல்லை, எதிரில் யாரோ ஒரு விருந்தாளி உட்கார்ந்து சாப்பிடுகிறார். சிப்பாய்களைவிட அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது.

யுத்தம் முடிந்து பழைய பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்தவர், காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, இது பாத்திரம் கழுவிய தண்ணீர் என்றார். ஆங்கிலத்தில்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நானும் பிடித்தேன் ஒரு பிடி. பாதியில் வேலிக்கு அப்பாலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது: "அபாங், மாரி! சிக்கு காடோ லாகி!" சீக்கிரம் வாங்க, வாத்தியாரம்மா மறுபடியும் சண்டை போடுறாங்க என்று புருஷனைக் கூப்பிட்டாள். கிராணி ஓடி வந்த செருப்புச் சத்தமும் கேட்டது.

என் கணவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. காப்பியை நான் இன்றும் தண்ணீராகத்தான் போடுகிறேன். குறை சொல்லத்தான் ஆளில்லை.