ரோஸி எப்போதும் ஃப்ரீ

1991-ல் படப்பையில் ‘ஃப்ரீ’ என்றால் ரோஸிதான். புருஷனில்லை, பிள்ளையில்லை. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், "அக்கா, ஃப்ரீயா கீறியா?" என்று குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தினம் நூறு குழந்தைகள், குறைத்துத்தான் சொல்கிறேன். சாயங்காலம் எல்லாம் போய்விடும்.

ரோஸியின் கண் ஆபரேஷனுக்குத் துணையாள் வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. ரோஸி முதன்முறையாகத் தெருவில் அதே கேள்வியைக் கேட்டாள்.

"கம்பெனில ஓவர்டைம் கீதுக்கா," என்றாள் தினமும் குழந்தையை விட்டுப்போகும் சசிரேகா. மற்றவர்களுக்கும் ஏதோ வேலை.

தனியாகவே போனாள். ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் மணிமங்கலத்து எல்லம்மா, அவளும் ஆபரேஷனுக்குத் தனியாக வந்தவள்.

"இன்னா பெரியம்மா, ஃப்ரீயா?" என்றாள் ரோஸி.

"கண்ணே தெரியலடி. வேற இன்னா வேல எனக்கு?"

நர்ஸ் நீட்டிய தாள்களில் ஒருத்திக்கு ஒருத்தி துணையென்று இருவரும் கைநாட்டு வைத்தார்கள்.